தெற்குச் சுவர்ப் பல்லி

நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட இருக்கிற ஒரு ஸ்ரூடியோவில் ஜெயகௌரி பதினொரு வருடம் அல்பம் செய்தாள். கலியாணம், பிள்ளை பெரியவளானதற்குச் செய்கிற சாமத்திய வீடு, அறுபதாம் கலியாணம் என்று அந்தப் பக்கத்தில் யார் வீட்டில் விசேஷம் நடந்தாலும் படங்களில் பாதி அவள் கைபட்டுத்தான் போகும். படம் எடுக்கிறவனுக்குப் பெயர் கிடைக்கும். அல்பத்தை அல்பமாக்குகிறது அவள். வெயிலில் நின்று வேர்த்துப்போன தாய்மாமனின் முகத்தைத் துடைத்துவிடுவாள், ஆனால் ஆளே மாறிப்போகாத அளவில் நிறுத்துவாள். பந்தியில் வாயைத் திறந்தபடி அகப்பட்ட சம்பந்தியைச் சத்தமில்லாமல் வெட்டி எறிவாள். தண்ணீர் வார்க்கிற பிள்ளைக்குப் பின்னால் தகரக் கொட்டில் தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு வாழைத் தோட்டத்தை நட்டுவிடுவாள். அந்தத் தோட்டம் நீர்வேலியில் அவளுடைய வீட்டுக் கோடிக்குப் பின்னால் இருப்பது. அவளே ஒரு காலைநேரம் போனில் எடுத்தது. ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் எத்தனையோ வீட்டு அல்பங்களில் அந்த வாழைகள் நிற்கின்றன.

தினமும் ஏழு இருபது பஸ். வல்லை வெளியைத் தாண்டும்போது பூட்டாத யன்னலால் அடிக்கிற காற்றில் தலை கலைந்துவிடும். ஸ்ரூடியோவில் போய் இறங்கியதும் முதல் வேலை தலை இழுக்கிறதுதான். நாற்பத்திமூன்று வயதில் அதுவும் ஒரு பழக்கமாகிப் போயிருந்தது.

வைகாசி மாதம் மாமி, புருஷனின் தாய், கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டா. ஒப்பிறேசன் நடந்தது. ஆனாலும் ஆள் பிடிக்காமல் கட்டிலால் இறங்க ஏலாது. ஜெயகௌரியின் புருஷன் கோபிசங்கர் விடிய முன்னமே லான்ட்மாஸ்டர் வண்டியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறவன். மாமிக்குப் பக்கத்தில் இருக்க வேறு யார்? இரண்டு மாதம் லீவு போட்டாள். மூன்றாம் மாதம் ஸ்ரூடியோ முதலாளி கிறிஸ்துநாயகம் கோல் எடுத்தார். குருநகர் ஆள், ஒரு கமெராவோடு நெல்லியடிக்கு வந்து கடை போட்டவர். சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாது.

"கௌரி, எத்தினை நாளைக்கெண்டு நான் கதிரையைச் சும்மா வைச்சிருக்கிறது?"

"அண்ணை, வீட்டிலை இருந்து செய்யலாமோ எண்டு கேக்கத்தான் இருந்தனான்."

"வீட்டிலை இருந்தோ? ஒரு கையாலை மாமியைத் திருப்பிப் படுக்க வைச்சு, மற்றக் கையாலை மாப்பிளையின்ரை மூக்கைத் திருத்தப் போறியே?"

"திருத்துவன் அண்ணை."

அவர் சிரித்துவிட்டார். "சரி. ஒஸ்லோக்காரரின்ரை சாமத்திய வீடு ஒண்டு கிடக்கு. நாப்பது பக்கம். அதுகள் அடுத்த கிழமை பிளேன் ஏறுதுகள். சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு அல்பம் அச்சுக்குப் போகோணும். அதை முடிச்சுத் தா. தந்தாயெண்டால் ஆவணிக் கலியாணம் முழுக்க உனக்குத்தான், வீட்டிலையே இருந்து செய். ஏலாதெண்டால் நான் கோவிக்க மாட்டன் பிள்ளை. ஆனால் வேறை ஆள் பாப்பன்."

ஸ்ரூடியோவில் ஓரமாய்க் கிடந்த பழைய கொம்பியூட்டரை அவரே கொடுத்தனுப்பினார். மொனிற்றர் மட்டும் இல்லை. அது, லீவு போட்ட நாளிலேயே அவள் கேட்டுவைத்து, ஜேர்மனியில் இருக்கிற அண்ணன் கப்பலில் போட்ட பெட்டிக்குள்ளே சொக்லேற்றோடும் சவர்க்காரத்தோடும் வந்து இறங்கியது. இருபத்தேழு இஞ்சி. ஜெயகௌரி அதைப் பிறந்த பிள்ளையைத் துணியால் எடுப்பதுபோல எடுத்து மேசையில் வைத்தாள். வயரின் நுனியில் மட்டும் ஜேர்மன் பிளக், உருண்டையாய், இரண்டே முள்ளோடு.

கோபிசங்கர் அப்போதே வயர் வெட்டுகிற குறட்டைக் கையில் எடுத்துவிட்டான். "உந்தத் தலையை வெட்டிப்போட்டு எங்கடை மூண்டு முள்ளுப் பிளக்கைப் போடுவம்."

"அண்ணை அனுப்பின சாமானைப் பெட்டியாலை எடுத்த கையோடை வெட்டுறதே? விசரே உங்களுக்கு?"

அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த வீட்டில் ஸ்திரிப்பெட்டியும் மிக்ஸியும்கூட வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவற்றின் வாலையும் யாரும் வெட்டவில்லை. சுவரில் இருக்கிற மூன்று ஓட்டையில் மேல் ஓட்டைக்குள்ளே ஒரு ஈர்க்குக் கட்டையைச் செருகினால் கீழே இருக்கிற இரண்டு கண்ணும் திறக்கும். அந்த நேரம் பார்த்து இரண்டு முள்ளையும் அமத்திவிட வேண்டும். ஊரில் யார் வீட்டில் பார்த்தாலும் இதுதான் வழக்கம். சதுரக் கண்ணுக்குள்ளே உருண்டை முள் கொஞ்சம் ஆடும், ஆனால் வேலை செய்யும். ஜெயகௌரி மேசைக்குக் கீழே குனிந்து ஈர்க்கைச் செருகினாள், பிளக்கை அமத்தினாள். திரை வெளித்தது. ஈர்க்கு அங்கேயே இருந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை மாமிக்குச் சாப்பாடு தீத்தி, முகம் துடைத்து, கட்டிலைச் சரிபண்ணிவிட்டு வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். சாமத்தியப்பட்ட பிள்ளைக்குச் சின்ன மூக்கு, பெரிய சிரிப்பு. தலையில் ஏற்றியிருந்த பூவின் பாரத்தில் கழுத்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது. முதல் வேலை அதை நிமிர்த்துவது. ஜெயகௌரி கழுத்தில் கைவைத்தாள்.

அடுத்த அறையிலிருந்து மாமியின் குரல் கேட்டது. "பிள்ளை! பல்லி சொல்லுது."

"என்ன மாமி?"

"தெற்குச் சுவரிலை. தெற்கிலை சொன்னால் காரியம் இழுபடும். ஆனால் முடியும்."

மாமி படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவவுக்கு வேலை என்று இருந்தது கேட்கிறதுதான். எந்த மாடு கத்துகிறது, எவருடைய மோட்டர் சைக்கிள் போகிறது எல்லாம் கட்டிலில் இருந்தே சொல்லுவா. ஜெயகௌரி "ஓம் மாமி" என்றுவிட்டுத் திரும்பினாள். திரை ஒருதரம் கண்ணடித்தது.

பிறகு இன்னொருதரம். திரை இருண்டு உடனே வெளித்தது, யாரோ சுவிச்சில் கைவைத்து எடுத்த மாதிரி. அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்னம் அவள் எட்டுத்தரம் எண்ணினாள். நல்ல நுணுக்கமான இடத்தில், ஒரு மயிரை இழுத்துச் சரிசெய்கிற நேரத்தில்தான் அது வரும். கை பிசகும், அழித்துத் திரும்பச் செய்ய வேண்டும். பின்னேரம் முதல் ஆறு பக்கத்தை ஸ்ரூடியோவுக்கு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் கோல் வந்தது.

"கௌரி, மூண்டாம் பக்கத்திலை தாய்மாமனுக்கு ஒரு பக்கத்திலை ரெண்டு காது கிடக்கு."

அவளுக்கு முகம் சுட்டது. "மொனிற்றர் மின்னுதண்ணை."

"மின்னுறதை நீ பாரன். ஆனால் சனிக்கிழமை சனிக்கிழமைதான்."

செவ்வாய்க்கிழமை சுபாஸ் வந்தான். நீர்வேலிச் சந்தியில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறவன், வேலை தெரிந்த பெடியன். நின்றபடியே எல்லாம் பார்த்தான். படம் வருகிற கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி இறுக்கினான். பிறகு வேறு கேபிள் மாற்றினான். கொம்பியூட்டருக்குள்ளே போய்த் திரை ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் புதுப்பிக்கிறது என்கிற கணக்கைத் திருத்தினான். அரை மணித்தியாலம் எல்லாருமாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மொனிற்றர் அப்படியே கண் வெட்டாமல் இருந்தது.

"நல்லாத்தானே இருக்குதக்கா."

"நீர் போம் தம்பி, பிறகு பாரும்."

அவன் படலையைச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஜெயகௌரி வந்து இருந்து வேலையில் மனம் ஊன்றினாள். மின்னியது.

"பல்லி சொல்லுது பிள்ளை!"

"சொல்லட்டும் மாமி!"

சந்தையால் வந்த கோபிசங்கர் தன் பங்குக்கு இருந்து பார்த்தான். சீட்டு விளையாட்டைப் போட்டு அரை மணித்தியாலம் விளையாடினான். ஒன்றுமில்லை. எழும்பி அவளை இருத்தினான். ஐந்து நிமிடம் இல்லை, மின்னியது.

"உம்மிலை அதுக்கு என்ன கோவம்?" என்று சிரித்தவன், அவள் சிரிக்காததைக் கண்டு குரலை இறக்கினான். "இஞ்சேரும், ஒருக்கால் கண்ணைக் காட்டினால் என்ன? பதினொரு வருஷமாய் உதுக்குள்ளை தலையை வைச்சுக்கொண்டு இருக்கிறீர்."

"நீங்களும் கண்டனியள்தானே மின்னினதை!"

"கண்டனான்... ஒருதரம் கண்ட மாதிரித்தான் கிடந்தது."

கண்ட மாதிரி. அந்தச் சொல் அவளுக்குள்ளே இறங்கி இருந்துவிட்டது. அவன் குளிக்கப் போன பிறகு சுவரில் தொங்கிய கலண்டருக்கு நேரே நின்று ஒரு கண்ணைப் பொத்தினாள், பிறகு மற்றக் கண்ணை. எழுத்துகள் தெரிந்தன. இடது கண்ணில் கொஞ்சம் புகை மாதிரி இருக்கிறதா, இல்லை அப்படி நினைப்பதால் தெரிகிறதா? கண் போனால் அவளுக்கு வேறு என்ன வேலை தெரியும்? ஆவணிக் கலியாணங்களை நெல்லியடியில் வேறு எவளோ இருந்து திருத்துவாள். இந்தக் கழுத்தை நிமிர்த்த அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

புதன்கிழமை, கண்ணோ மொனிற்றரோ என்று அறிந்துவிடுவதென்று முடிவெடுத்தாள். மொனிற்றரைப் போர்வையால் சுற்றி, வாழைக்குலைகளுக்கு நடுவில் வைத்து, லான்ட்மாஸ்டரில் சுபாஸின் கடைக்கு அனுப்பினாள். வயரைச் சுவரிலிருந்து கழற்றவில்லை, மொனிற்றர் மட்டும்தான் போனது. மேசைக்குக் கீழே போய் அந்த ஈர்க்கு வித்தையை இன்னொருதரம் செய்ய அவளுக்குப் பொறுமை இல்லை. கடையில் அவர்களுடைய வயர் இருக்கும்தானே. சுபாஸ் பின்னேரம் வரைக்கும் அதில் படம் ஓடவிட்டிருந்தான். ஒருதரம்கூட மின்னவில்லை.

"மொனிற்றரிலை பிழை இல்லையக்கா. உங்கடை வீட்டுக் கறண்டிலைதான் ஏதோ. பின்பக்கத் தோட்டத்திலை மோட்டர் போடுறவையோ?"

பின்பக்கத் தோட்டம் ஏரம்பு அண்ணையுடையது. மொனிற்றர் திரும்பி வந்த பிறகு வேலிக்கு மேலால் கூப்பிட்டுச் சொன்னதும் அவர் மோட்டரை நிறுத்திவிட்டு வேலியடியிலேயே நின்றார், ஜெயகௌரி உள்ளே போய் வேலையில் இருந்தாள். "இப்ப?" என்று கேட்டார். மின்னியது. "இப்ப?" மின்னியது. "அப்ப என்ரை மோட்டரிலை பிழையில்லை," என்று அதைப் பெரிய வெற்றியாய் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுபாஸ் போனில் கடைசியாய் ஒன்று சொன்னான். "அக்கா, எப்ப எப்ப மின்னுதெண்டு ஒரு பேப்பரிலை குறியுங்கோ. ஏதும் ஒழுங்கு இருந்தால் பிடிபடும்."

வியாழக்கிழமை காலை. நாற்பது பக்கத்தில் பதினெட்டுத்தான் முடிந்திருந்தது. ஜெயகௌரி பழைய கலண்டர் தாள் ஒன்றைப் பின்பக்கம் திருப்பிக் கீபோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மின்னும்போதெல்லாம் பென்சிலால் ஒரு கோடு. ஆலாத்தி எடுக்கிற படம் வந்தது, ஏழு பெண்கள், ஏழு தட்டு, தட்டுகளில் விளக்கு வெளிச்சம் பட்டுச் சேலையெல்லாம் செம்மஞ்சள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சேலையாய் அதனதன் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். கோடு விழுந்தது, இன்னும் விழுந்தது, கடகடவென்று விழுந்தது.

"பிள்ளை, இண்டைக்கு நல்லாச் சொல்லுது!" மாமியின் குரலில் சந்தோசம். "ஏழுதரம்! நான் எண்ணினனான். ஏழெண்டால் நல்லது."

ஜெயகௌரி தாளைப் பார்த்தாள். நாலு, ஐந்து, ஆறு. ஏழு கோடு.

கையில் இருந்த பென்சிலை மெல்லக் கீழே வைத்தாள். எழும்பிப் போய் மாமியின் கதவடியில் நின்றாள். மாமியின் கட்டில் தெற்குச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அந்தச் சுவரின் மற்றப் பக்கத்தில்தான் கொம்பியூட்டர் மேசை.

"மாமி, உங்கடை பல்லியைக் கண்டனியளோ?"

"அது எங்கை வெளியிலை வருது? சுவருக்குள்ளை இருந்து சொல்லுது. டிக், டிக் எண்டு."

"இப்ப சொல்லுதோ?"

மாமி கண்ணை மூடிக் கேட்டா. "இல்லை."

"கொஞ்சம் கேட்டுக்கொண்டிருங்கோ. சொன்ன உடனை எனக்குச் சொல்லுங்கோ."

"பல்லியோடை என்ன விளையாட்டு பிள்ளை?"

"நீங்கள் கேளுங்கோவன் மாமி!"

திரும்பி வந்து இருந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். திரையும் அசையவில்லை. அடுத்த அறையில் மாமியும் வாய் திறக்கவில்லை. இரண்டு நிமிடம் போனது. பிறகு மவுஸைப் பிடித்து, விட்ட இடத்தில் ஐந்தாவது சேலையைத் தொட்டாள். தொட்டதும் தன்னுடைய வலது கால் மேசைக்குக் கீழே ஆடத் தொடங்குவதை, வாழ்க்கையிலேயே முதல்தரமாய், கவனித்தாள்.

சின்ன வயதில் அம்மா எத்தனை அடி போட்டிருப்பா, "காலை ஆட்டாதை, மூதேவி" என்று. மற்ற நேரத்தில் ஆட்டமாட்டாள். மனம் ஒன்றில் ஊன்றினால் கால் தன்பாட்டில் ஆடும். இப்போது பெருவிரல் எதிலோ உரசியது. மேசையின் பின்பக்கத்தால் தொங்கிய மொனிற்றர் வயர்.

வேண்டுமென்று ஒருதரம் தட்டினாள். திரை இருண்டு வெளித்தது.

"சொல்லுது!" என்றா மாமி.

இன்னொருதரம்.

"சொல்லுது, சொல்லுது!"

மூன்று தட்டு வேகமாய்.

"ஐயோ பிள்ளை, அதுக்கு என்னவோ பிடிச்சிட்டுது!"

ஜெயகௌரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதிரையில் இருந்தபடியே, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணி வருமட்டும் சிரித்தாள். பழுதில்லாத கண்.

வேலையைச் சேமித்து, எல்லாவற்றையும் நிற்பாட்டி, சுவிச்சையும் அமத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஜேர்மன் பிளக் ஒரு பக்கமாய்த் தலை சாய்த்துத் தொங்கியது, அந்தச் சாமத்தியப் பிள்ளையின் கழுத்து மாதிரி. இழுத்ததும் கையோடு வந்தது. ஒரு முள்ளின் அடியில் பிளாஸ்ரிக் கருகிப் பழுப்பேறிக் கிடந்தது. கால் பட்டு வயர் அசைகிற ஒவ்வொருதரமும் முள் விலகிப் பொறி தட்டியிருக்கிறது. அந்தச் சத்தம்தான் மாமியின் பல்லி. சுபாஸ் நின்றுகொண்டு பார்த்தான். கோபிசங்கர் கதிரையில் சப்பாணி கட்டி இருந்தான். அவர்கள் இரண்டு பேருடைய காலும் அந்த வயருக்குக் கிட்டப் போகவில்லை.

அந்தக் கருகின பிளக்கைத் திரும்பச் சுவரில் செருக அவளுக்கு மனமில்லை. கோபிசங்கர் வந்து வெட்டிப் பூட்டுமட்டும் பார்த்திருக்கவும் நேரமில்லை. வயரின் மற்ற நுனியைத் திருப்பிப் பார்த்தாள். மொனிற்றரின் பின்பக்கம் போகிற நுனி, மூன்று வாயுள்ள கறுத்த முகம். இதை எங்கேயோ ஒவ்வொரு நாளும் பார்க்கிறேனே என்று யோசித்தாள். எழும்பிக் குசினிக்குப் போனாள். றைஸ் குக்கரின் வயரைக் கழற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். அதே முகம். வாங்கும்போதே மூன்று முள்ளோடு வந்த வயர். மொனிற்றரில் செருகினாள், பொருந்தியது. மற்ற நுனியைச் சுவரில் அமத்தினாள். ஈர்க்கு வேண்டியிருக்கவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டது.

காலை ஆட்டிப் பார்த்தாள். நன்றாய், பழிக்குப் பழி மாதிரி ஆட்டினாள். திரை ஆடாமல் இருந்தது.

"பிள்ளை, பல்லி எங்கை?" என்றா மாமி.

"சோலி முடிஞ்சு போட்டுது மாமி."

மத்தியானம் கோபிசங்கர் பசியோடு வந்தபோது குசினியில் விறகடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "குக்கருக்கு என்ன?"

"குக்கர் அல்பம் செய்யுது. பானையைப் பாருங்கோ, நான் ஆறு பக்கம் முடிச்சிட்டு வாறன்."

அவன் பானையையும் பார்த்தான், மேசைக்குக் கீழேயும் குனிந்து பார்த்தான். கருகின பிளக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அண்டைக்கே வெட்டுவம் எண்டு நான் சொன்னன்தானே என்று கேட்க அவனுக்கு நல்ல வாய்ப்பு. கேட்கவில்லை. ஒருவேளை சோறு குழையப் போகிறது என்ற அவசரமாக இருக்கலாம். குழைந்துதான் போனது. வெள்ளிக்கிழமையும் குழைந்தது.

சனிக்கிழமை எட்டு நாற்பதுக்கு நாற்பதாவது பக்கம் போனது. கடைசிப் பக்கத்தில் பிள்ளை கழுத்து நிமிர்ந்து நின்றாள், பின்னால் ஏரம்பு அண்ணையின் வாழைகள். தாய்மாமனுக்குப் பக்கத்துக்கு ஒரு காது. கிறிஸ்துநாயகம் உடனே பதில் போடவில்லை. ஜெயகௌரி மாமியைத் துடைத்தாள், உடுப்பு மாற்றினாள், முற்றம் கூட்டினாள். போனைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டாந்தரமும் கூட்டினாள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கோல் வந்தது.

"அச்சுக்குப் போட்டுது. பிள்ளையின்ரை தாய் பாத்திட்டுக் கேட்டவ, உந்த வாழைத் தோட்டம் எங்கை, நாங்கள் அங்கை படம் எடுக்கேல்லையே எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"நீர்வேலி எண்டு சொன்னனான். பொய்யே?" அவர் இருமினார். "ஆவணியிலை ஒன்பது கலியாணம் கிடக்கு. முதல் ரெண்டும் இண்டைக்கு அனுப்புறன். உன்ரை மொனிற்றர் இப்பவும் மின்னுதோ?"

"இல்லையண்ணை."

"என்ன பிழையாம்?"

"கால்," என்றாள் அவள். அவர் அதை விளங்காமலே போனை வைத்தார்.

பின்னேரம் கோபிசங்கரை மாமியோடு இருக்கவிட்டுவிட்டு, புது வயர் வாங்கச் சந்திக்குப் போனாள். சுபாஸ் கதையைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"பிளக்கை நான் பாக்கவே இல்லையக்கா. ஈர்க்குச் செருகியிருந்ததைக் கண்டனான். அதைப் பிழையெண்டு மனம் எடுக்கேல்லை. எங்கடை வீட்டிலை ஆறு பிளக் உப்பிடித்தான் கிடக்கு."

"அப்ப ஏழு வயர் தாரும். எனக்கொண்டு, உமக்கு ஆறு."

அவன் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சுற்றிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து குக்கரின் வயரைக் குக்கருக்கே கொடுத்தாள். ஸ்திரிப்பெட்டியையும் மிக்ஸியையும் கோபிசங்கருக்கு முன்னால் வைத்துக் குறட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். "வெட்டுங்கோ." ஜேர்மன் வயரை மட்டும் சுருட்டி, மொனிற்றர் வந்த பெட்டிக்குள்ளே போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றினாள். அண்ணன் கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை, நல்லாய் வேலை செய்யுது என்பதைத் தவிர.

முதல் கலியாணம் வந்து இறங்கியிருந்தது. அறுநூற்றுச் சொச்சம் படம். ஜெயகௌரி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒரு காதை முழுதாய் மூடியிருந்தது.

"பிள்ளை," என்றா மாமி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பல்லி சொல்லேல்லை. புது வேலை துடங்கிறாய், கொஞ்சம் பொறுத்துத் துடங்கன்."

"அது அண்டைக்கே சொல்லிப்போட்டுது மாமி. இழுபடும், ஆனால் முடியும் எண்டு."

மாமி அதை யோசித்தா. "ஓம். தெற்குச் சுவர்ப் பல்லி பிழைச்சதில்லை."

மேசைக்குக் கீழே அவளுடைய கால் ஆடத் தொடங்கியிருந்தது. ஆடட்டும் என்று விட்டாள்.